உறைக்குள் ஓர் எடை

எடை என்ற சொல் அந்த வீட்டுக்குள் மூன்று வருஷமாக நுழையவில்லை. கத்தரிக்காய்கூடக் கண் அளவில்தான் வந்து இறங்கியது. குளியலறை மூலையில் கிடந்த எடைபார்க்கும் கருவி கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இத்தனைக்கும் அந்த வீட்டில் இருந்த இரண்டு பேருக்கும் எடையால்தான் பிழைப்பு.

மனைவி, ஆய்வுக்கூடத்தில் ஈர்ப்பு விசையை அளப்பவள். அங்கே எல்லாரும் அவளைத் தராசம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கணவர், அதே வளாகத்தில் பட்டறை வைத்து ஆளும் லேத் மாஸ்டர். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு தண்டு கடைந்து தரச் சொல்லி அவள் பட்டறைக்குப் போனாள். மயிரிழை பிசகியிருக்கிறது என்று நாலு தடவை திருப்பிக் கொண்டுபோனாள். அவர் முகம் சுளிக்காமல் நாலு தடவையும் கடைந்து கொடுத்தார். ஐந்தாவது தடவை தண்டில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் போனாள். அப்படி ஆன கல்யாணம்.

தராசம்மா பத்து வருஷமாக ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டிருந்தாள். அணு அளவில் இருக்கிற பொருள்களுக்கு ஒரு சட்டம் உண்டு, குவாண்டம் சட்டம். அந்தச் சட்டப்படி ஒரு பொருள் இங்கேயும் இருக்கலாம், அதே சமயம் அங்கேயும் இருக்கலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. மலை, கடல், நிலா என்று பெரிய பொருள்களை ஆள்வது ஈர்ப்பின் சட்டம். அங்கே இந்தத் தில்லுமுல்லு எல்லாம் செல்லாது. இரண்டு சட்டமும் நூறு வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் மாதிரி ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஈர்ப்பும் உள்ளுக்குள்ளே குவாண்டம் சாதிதானா, இல்லையா? அதுதான் கேள்வி.

அதைக் கேட்பதற்காகத் தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில் ஓர் அறை கட்டினார்கள். அறைக்குள் இன்னோர் அறை. அதற்குள் ஆள் உயரத்துக்கு ஓர் எஃகுக் கலன். கலனுக்குள் காற்று கிடையாது. சூடு என்பதும் கிட்டத்தட்டக் கிடையாது. அங்கே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய இரண்டு தங்கக் குண்டுகள், கண்ணுக்கே தெரியாத இழையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. நடுவில் ஒரு தகடு. ஒன்றின் மின்சாரமோ காந்தமோ மற்றதைத் தொட்டுவிடாமல் அது தடுக்கும். ஈர்ப்பை மட்டும் தடுக்காது. அதைத் தடுக்கிற சுவரை இன்னும் யாரும் கட்டவில்லை. இப்படி மறைத்து வைத்த பிறகும் ஒரு குண்டின் நடுக்கமும் மற்றதன் நடுக்கமும் பிணைந்துபோனால், ஈர்ப்பும் அந்தச் சாதிதான் என்று அர்த்தம். அளவை நடக்கும்போது லிஃப்டை நிறுத்திவிடுவார்கள். நடைபாதையில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்க வேண்டும். பெருமூச்சு விடுகிறவர்கள் மேல்தளத்துக்குப் போய் விடலாம்.

பிணைப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது குண்டின் எடையைப் பொறுத்தது; எடை கூடினால் பிணைப்பும் கூட வேண்டும். அங்கேதான் வந்தது வினை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. விடைக்கு ஆசைப்படுகிறவர் கையில் முழுக் கணக்கையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்காமலேயே, தனக்குப் பிடித்த பக்கமாகக் கணக்கைச் சாய்த்துவிடுவார். அதனால் ஏதாவது ஒரு முக்கியமான எண்ணை ஒளித்துவைத்துவிடுவார்கள். வேலை எல்லாம் முடிந்து, இனி ஒரு புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் அந்த எண் வெளியே வரும். இந்தச் சோதனையில் குண்டுகளின் எடையை ஒளிப்பது என்று முடிவானது. கோப்பில் தொண்ணூறு மில்லிகிராம் என்று எழுதிவைத்தார்கள். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். கூடவா குறைவா, எவ்வளவு என்பது மட்டும் தெரியாது.

குண்டுகளைக் கடைந்தவர் மாஸ்டர். அவரே தனியாக நிறுத்துப் பார்த்து, எடையை ஒரு சீட்டில் எழுதி, உறையில் போட்டு அரக்கு வைத்து, ஆய்வுக்கூடத் தலைவரின் இரும்புப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். உலகத்தில் அந்த எண் தெரிந்த ஒரே ஆள் அவராக இருப்பார். கட்டின மனைவியிடமிருந்து ஒளிக்க வேண்டியதைப் புருஷனிடமா கொடுப்பது என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் நமக்கு வயசாகிவிடும், அவரைவிடப் பத்திரமான பெட்டி கிடையாது என்று தலைவர் சொல்லிவிட்டார்.

குழுவில் விதிகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் இருந்தார். அவருக்குப் படிவம் என்று பெயர் விழுந்து பல வருஷம் ஆகிவிட்டது, சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். புருஷன் பெண்டாட்டி சமாசாரம் என்றதும் அவர் இரண்டு நாள் உட்கார்ந்து புதிதாக ஒரு படிவம் தயாரித்தார். வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கேள்விகள் மூன்று. இந்த வாரம் எடை குறித்து எவ்விதமான பேச்சும் நடந்ததா? எழுத்து மூலமாக ஏதாவது பரிமாறப்பட்டதா? முகக்குறிப்பு, சைகை, மௌனம் ஆகியவற்றின் வழியாக ஏதாவது தெரியவந்ததா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம்.

தராசம்மா ஒழுங்கானவள். எவ்விதமான பேச்சும் என்றால் காய்கறி எடையும் சேர்த்தியா என்று படிவத்துக்கு எழுதிக் கேட்டாள். தவிர்ப்பது நலம் என்று பதில் வந்தது. அன்றைக்குப் போனதுதான் அந்தச் சொல், வீட்டை விட்டு.

சொல் போனதா, அதோடு வேறு பல சொற்களும் கிளம்பிவிட்டன. எடை பேசக் கூடாது என்றால் குண்டு பேசக் கூடாது. குண்டு இல்லையென்றால் தங்கமும் இல்லை. பிறகு பட்டறை, ஆய்வுக்கூடம், அன்றைக்கு வேலை எப்படிப் போனது என்பது வரைக்கும் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு போயின. கடைசியில் மிஞ்சியது குழாயில் தண்ணீர் வருகிறதா, நாளைக்கு மழை பெய்யுமா என்பதுதான். மாஸ்டருக்கு அதனால் பெரிய சிரமம் இல்லை என்று அவள் நினைத்தாள். எப்போதும் பேசாதவர் இப்போதும் பேசவில்லை, அவ்வளவுதானே?

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வருவாள். வந்ததும் வராததுமாக, அண்ணன் என்ன இப்படி இளைத்துவிட்டார் என்று ஆரம்பிப்பாள். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் சண்டையா, சண்டை என்றால் சத்தம் போட்டாவது போடுங்கள், எனக்கும் பொழுது போகும் என்பாள். சண்டை எதுவும் இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொல்வார்கள். அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவர்கள் சேர்ந்து பேசினார்கள்.

மாஸ்டர் இளைத்தது உண்மை. போன வருஷம் டாக்டரிடம் போனார்கள். போன தடவைக்கு இப்போது எவ்வளவு குறைந்திருக்கிறார், வீட்டில் பார்த்தீர்களா என்று டாக்டர் தராசம்மாவைத்தான் கேட்டார். அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் படித்தாள். மாஸ்டர் தம் செருப்பைப் படித்தார். டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் ஒன்றும் இல்லை. உலகத்திலேயே மிகச் சின்ன இழுப்பை அளக்கிறவள், புருஷன் எத்தனை கிலோ என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தாள்.

இது இப்படி நடந்துகொண்டிருக்கும்போதே அவள் ஒரு தப்புக் காரியம் செய்தாள். அவளைப் போல முப்பது வருஷம் அளந்து பழகியவர்களுக்குத்தான் அந்தத் தப்புச் செய்யத் தோன்றும்.

மாதாமாதம் முதல் செவ்வாய்க்கிழமை, அதுவரை வந்த அளவைகளை ஒரே கோடாக வரைந்து நடைபாதைப் பலகையில் ஒட்டுவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்த்தும் பயனில்லை. எடை தெரிந்தால்தானே கோடு எந்த உயரத்தைத் தாண்ட வேண்டும் என்று தெரியும்? தாண்டினால் ஆம். தாண்டாவிட்டால் இல்லை. உயரம் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் அவளோடு ஒரே வீட்டில் இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாஸ்டர் முகம் கழுவிக்கொண்டே சீட்டி அடித்தார். அன்றைக்குக் கோடு ஏறியிருந்தது. அடுத்த மாதம் கோடு இறங்கியது. மாஸ்டர் வானொலியைக்கூடப் போடவில்லை. தராசம்மா இரண்டையும் முடிச்சுப் போட்டாள். சும்மா வேடிக்கைக்கு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, சமையலறை அலமாரியில் பழைய எரிவாயுக் கணக்கு நோட்டை எடுத்து, பின்பக்கத்தில் கட்டம் போட்டாள். சீட்டி அடித்தால் இரண்டு. இரண்டாம் தடவை சாப்பாடு போட்டுக்கொண்டால் ஒன்று. செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டால் கழித்தல் ஒன்று. கேட்ட கேள்விக்கு ம் என்று மட்டும் சொன்னால் கழித்தல் இரண்டு. இப்படி இரண்டரை வருஷம், ஒரு செவ்வாய் விடவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் அவள் வேலை சுத்தம். எந்த உயரத்துக்கு மேலே கோடு போனால் மாஸ்டர் சந்தோஷமாகிறாரோ, எந்த உயரத்துக்குக் கீழே வந்தால் சுருண்டுபோகிறாரோ, அந்த இடத்தில் ஒரு கோடு கிழித்தாள். அதிலிருந்து எடையைத் திருப்பிக் கணக்கிட்டாள். தொண்ணூற்றொன்று புள்ளி இரண்டு மில்லிகிராம். பிழை எவ்வளவு இருக்கலாம் என்பதையும் பக்கத்தில் எழுதினாள். பழக்கம் விடுமா?

மூன்று வருஷ அளவைகளையும் சேர்த்துப் பார்த்தால் கோடு சரியாகத் தொண்ணூறு மில்லிகிராமுக்கு உரிய உயரத்தில் வந்து நின்றிருந்தது. உண்மையான எடை தொண்ணூற்றொன்று சொச்சம் என்றால் கோடு தாண்டவில்லை. விடை, இல்லை. பத்து வருஷம் எந்தச் சொல்லுக்குப் பயந்தாளோ அந்தச் சொல்லை எரிவாயுக் கணக்கு நோட்டில் படித்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

அதற்கு மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அது சாதாரண வெள்ளிக்கிழமை இல்லை, கடைசிக் கையெழுத்துப் போடுகிற நாள். அவள் கையெழுத்துப் போட்டால் திங்கட்கிழமை உறையைப் பிரிப்பார்கள். போடாவிட்டால் மூன்று வருஷ அளவையும் செல்லாது, கலனை மூடிவிட்டு அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். படிவம் அவள் முன்னால் தாளை வைத்து, எங்கே கையெழுத்து என்று பென்சிலால் ஒரு புள்ளியும் வைத்தார். முதல் கேள்விக்கு இல்லை என்று குறித்தாள். இரண்டாவதுக்கும் இல்லை. மூன்றாவதைப் படித்தாள். நூற்றைம்பது வாரமாகப் படிக்காமலே இல்லை என்று போட்டுவந்த கேள்வி. முகக்குறிப்பு, சைகை, மௌனம்.

பேனா நகரவில்லை. போட்டால் பொய். போடாவிட்டால் பத்து வருஷம் குப்பை. பொய் என்று யாருக்குத் தெரியப்போகிறது? நோட்டு சமையலறையில், எரிவாயுக் கணக்குக்குப் பின்னால் இருக்கிறது. விடையும் அவளுக்குச் சாதகமானது இல்லையே, தனக்குப் பாதகமாகப் பொய் சொன்னால் அது பொய்யா? இப்படி என்னென்னவோ நினைத்துப் பார்த்தாள். மயிரிழை பிசகியதற்கு நாலு தடவை தண்டைத் திருப்பிக் கொண்டுபோனவளுக்கு எதுவும் உள்ளே இறங்கவில்லை.

"எனக்கு எடை தெரியும்," என்றாள்.

படிவம் பென்சிலைக் கீழே வைத்தார். அந்தப் படிவத்தில் ஆம் என்று ஒரு கட்டம் இருந்ததே தவிர, யாராவது அதில் குறித்தால் என்ன செய்வது என்று அவர் யோசித்ததே இல்லை.

அரை மணி நேரத்தில் தலைவர் அறையில் கூடினார்கள். தலைவர், படிவம், தராசம்மா. மாஸ்டரைக் கூப்பிட ஆள் போயிருந்தது. தராசம்மா வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தாள். சீட்டிக்கு இத்தனை, செருப்புக்கு இத்தனை என்று அவள் விளக்க விளக்க, தலைவர் முதலில் சிரிப்பை அடக்கினார். பிறகு அடக்க வேண்டியிருக்கவில்லை. பின்பக்கத்துக் கணக்கில் எந்தத் தப்பும் இல்லை என்று அவருக்கே புரிந்துபோயிற்று. கோட்டுக்கும் மாஸ்டரின் முகத்துக்கும் இருந்த ஒட்டுறவு, கீழ்த்தளத்துத் தங்கக் குண்டுகளுக்கு இருந்ததைவிடக் கெட்டியாக இருந்தது.

மாஸ்டர் கையில் எண்ணெய்த் துணியோடு வந்து நின்றார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தே அம்மா எடையைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள் என்று தலைவர் சொன்னார். நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்றும் சொல்கிறார்கள், உங்கள் மேல் குற்றம் இல்லை, ஆனால் எண் சரிதானா என்று மட்டும் தெரிய வேண்டும். நோட்டை அவர் பக்கம் திருப்பி, அடிக்கோடிட்ட எண்ணைக் காட்டினார்.

மாஸ்டர் அதை நெடுநேரம் பார்த்தார்.

"இது சரியா தப்பான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

"நீங்கதானே நிறுத்தீங்க?"

"நிறுத்தேன். எழுதி உறைல போட்டேன். மறந்துட்டேன்."

படிவம் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். மறந்துவிட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். மாஸ்டர் அதுவரை அந்த அறையில் யாரும் கேட்டிராத நீளத்துக்குப் பேசினார்.

"தூக்கத்துல உளறிடுவேனோன்னு பயமா இருந்துச்சுங்க. அந்த நம்பர் மனசுல வரும்போதெல்லாம் வேற நம்பர் சொல்லிக்குவேன். பழைய வீட்டுக் கதவு நம்பர், எங்க அப்பா சைக்கிள் நம்பர், டிரில் பிட்டு சைஸு, என்னென்னமோ. ஒரு மாசத்துல எல்லாம் கலந்துபோச்சு. இப்ப கேட்டா சைக்கிள் நம்பர் வேணா சொல்றேன்."

அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று படிவம் கேட்டார்.

"எடையப் பத்தி எவ்விதமான பேச்சும் கூடாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க. மறந்துட்டேன்னு சொல்றதும் பேச்சுதானே?"

படிவம் மறுபடி உட்கார்ந்தார். அது சரியான விளக்கம் என்பதுதான் அவருக்கு வருத்தம்.

தராசம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் காது சிவந்திருந்தது. மறந்துவிட்டார் என்றால் இது எப்படி வந்தது, முப்பது செவ்வாய்க்கிழமை, ஒன்று இரண்டு தவிர எல்லாம் பொருந்துகிறதே, பலகையில் கோட்டைப் பார்த்துத்தானே நீங்கள் வருவீர்கள் என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனிடம் ஆய்வைப் பற்றிக் கேட்கிறாள், அதுவும் சாட்சிகள் முன்னால்.

"பலகையா? அந்தப் பக்கமே நான் போனதில்ல. அதப் பாத்து மூஞ்சி மாறிடப் போகுதுன்னு பின்படி வழியாத்தான் வருவேன், போவேன். மூணு வருஷமா."

"அப்ப ஏன் சீட்டி அடிச்சீங்க?"

மாஸ்டர் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தார். கை சுத்தமாகத்தான் இருந்தது.

"நீ சிரிச்ச முகமா வந்தா நான் சீட்டி அடிப்பேன். நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு வந்தா எனக்கு என்ன சீட்டி வேண்டிக்கெடக்கு? வாசல்ல நீ பையை வைக்கிற சத்தத்துலயே தெரிஞ்சுடும், இன்னைக்கு எப்படின்னு. என்னன்னு கேக்கவும் முடியாது."

கீழ்த்தளத்தில் அளவை எதுவும் நடக்காததால் லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது, அதன் சத்தம் நன்றாகக் கேட்டது.

தராசம்மாவுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. கோட்டைப் பார்த்தது அவள். ஏறியதும் இறங்கியதும் அவள் முகம். அந்த முகத்தைப் பார்த்து அவர் மாறினார். அவரைப் பார்த்து அவள் குறித்துக்கொண்டாள். கருவியின் ஒலியைக் கருவியே கேட்டுவிட்டு, வெளியிலிருந்து செய்தி வந்தது என்று பதிவு செய்த கதை. முதல் வருஷம் படிக்க வருகிறவர்கள் இந்தத் தப்பைச் செய்தால் அவள் அறையை விட்டு வெளியே போகச் சொல்லியிருப்பாள்.

தலைவர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "அப்ப இந்தத் தொண்ணூத்தொண்ணு புள்ளி ரெண்டு குண்டோட எடை இல்லம்மா. கோடு எவ்ளோ உயரம் போனா உங்களுக்கு மனசு நெறையுமோ, அந்த எடை."

அவள் நோட்டை மூடினாள். அவர் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை.

பிறகு படிவம் வழியைக் கண்டுபிடித்தார். எடை தெரிந்தவருக்கு எடை தெரியாது. ஆகவே அவர் முகத்திலிருந்து எடை தெரிந்திருக்க முடியாது. ஆகவே அம்மாவுக்குத் தெரிந்தது தெரிந்ததில் சேராது. மூன்றாவது கேள்விக்கு இல்லை என்றே குறிக்கலாம். நோட்டின் நகலைக் கூடவே இணைத்துவிடலாம். இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வந்த நிம்மதியைக் குறித்துவைக்க யாரும் அங்கே நோட்டுப் போடவில்லை. தராசம்மா கேள்வியை இன்னொரு தடவை முழுவதும் படித்துவிட்டு, இல்லை என்று குறித்துக் கையெழுத்துப் போட்டாள். அவள் உண்மையாகவே படித்துப் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

திங்கட்கிழமை உறையைப் பிரித்தார்கள். குழு முழுவதும் வந்திருந்தது. மாஸ்டரும் வந்திருந்தார், எண் என்ன என்று தெரிந்துகொள்ள மற்றவர்களைவிட அவருக்குத்தான் ஆவல் அதிகம். அரக்கை உடைத்துச் சீட்டை விரித்துத் தலைவர் படித்தார். எண்பத்தொன்பது புள்ளி ஏழு.

தொண்ணூறின் உயரத்தில் நின்ற கோடு, எண்பத்தொன்பது புள்ளி ஏழைத் தாண்டிவிட்டது. விடை, ஆம். பின்வரிசையில் யாரோ கை தட்ட ஆரம்பித்தார்கள். தராசம்மா கையை உயர்த்தி நிறுத்தினாள். தாண்டியது மில்லிகிராமில் பத்தில் மூன்றே மூன்று பங்கு, அளவையில் இருக்கக்கூடிய பிழை பத்தில் ஐந்து பங்கு. ஆம் போலத் தெரிகிறது, ஆம் என்று சொல்வதற்கில்லை. கை தட்டியவர் கையைப் பையில் போட்டுக்கொண்டார்.

இன்னும் மூன்று வருஷம் அளந்தால் பிழை இன்னும் குறையும் என்று கணக்குப் போட்டார்கள். அறையை மூட வேண்டாம் என்றும் முடிவானது. ஆம் போலத் தெரிகிற ஒன்றை மூடினால் ஊர் சிரிக்கும். ஆனால் எடை வெளியே வந்துவிட்டதால் பழைய குண்டுகள் உதவாது, புதிதாக இரண்டு கடைய வேண்டும், புதிதாக ஓர் எடையை ஒளிக்க வேண்டும். எல்லாருடைய கண்ணும் மாஸ்டர் பக்கம் திரும்பியது. ரகசியத்தைக் காப்பாற்றுகிறவர்கள் கிடைப்பார்கள், மறந்தே போகிறவர் கிடைப்பது அபூர்வம் என்று தலைவர் மனதாரப் புகழ்ந்தார். படிவம் தம் பங்குக்கு, நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்க்கப்போவதாகத் தெரிவித்தார். எண் இன்னும் நினைவில் இருக்கிறதா என்று.

"குண்டு கடைஞ்சு தரேன்," என்றார் மாஸ்டர். "எடைய வேற யாராச்சும் போடட்டும்."

ஏன் என்று கேட்டார்கள்.

"வீட்ல பேசணும்."

அதற்குமேல் யாராலும் ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை.

சாயங்காலம் இருவரும் ஒன்றாக நடந்து வீட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கலனில் எந்த மாதம் என்ன கசிந்தது, இழை எத்தனை தடவை அறுந்தது, புதுக் குண்டில் மேல்மெருகு இன்னும் எப்படி இருக்க வேண்டும் என்று மூன்று வருஷத்தையும் ஒரே தெருவில் கொட்டினாள். அவர் ம் என்றுதான் சொன்னார். கழித்தல் இரண்டு என்று குறிக்க அவளுக்குத் தோன்றவில்லை. வாசலில் பையை வைத்தாள். அவர் அந்தச் சத்தத்தைக் கவனித்ததை அவள் கவனித்தாள்.

உள்ளே போனதும் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து எடைபார்க்கும் கருவியை இழுத்தாள். தூசி பூனைக்குட்டி அளவுக்குத் திரண்டு கூடவே வந்தது. துடைத்தாள். கூடத்தில் தரை மட்டமான இடமாகப் பார்த்து, நாலு மூலையையும் அழுத்திப் பார்த்து வைத்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னாள். பட்டறைச் சாவிக்கொத்தையும் பையிலிருந்து எடுத்து வைக்கச் சொன்னாள். மாஸ்டர் ஏறி நின்று முள்ளைக் குனிந்து பார்த்தார்.

"எவ்ளோ?" என்றாள்.

"அம்பத்தாறு."

கடைசியாகப் பார்த்தபோது அறுபத்துநான்கு. எட்டுக் கிலோ. சாப்பாட்டு மேஜையில் தனக்கு எதிரிலேயே உட்கார்ந்து, மில்லிகிராம் மில்லிகிராமாக எட்டுக் கிலோ போயிருக்கிறது.

"எறங்குங்க," என்றாள்.

அவர் இறங்கினார்.

"மறுபடி ஏறுங்க. ஒரு தடவை பாத்ததெல்லாம் அளவை ஆகாது. மூணு தடவை பாக்கணும்."

"முள்ளு பொய் சொல்லுமா?"

"குனிஞ்சு பாத்தா சொல்லும். நீங்க நேரா நில்லுங்க. நான் பாத்துக்கறேன்."

மாஸ்டர் மறுபடி ஏறி, சுவரைப் பார்த்து நேராக நின்றார். அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவர் மூச்சு விடும்போதெல்லாம் முள் லேசாக ஆடியது. ஆட்டம் அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.